சத்தமில்லாத றோட்டுக்கு நான் எழுதிய சொல்

என் ராத்தாவை, கூடப்பிறந்த அக்காவை, காகிதத்தில் விதவையாக்கியது ஓர் ஆங்கிலச் சொல். அதைத் தேர்ந்தெடுத்து, தட்டச்சு செய்து, அவளிடம் கையெழுத்தும் வாங்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் பூசி மெழுகிவிடுவேன். அந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நான் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளன். கல்முனை பசாரில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையின் மேல்மாடிதான் என் கந்தோர். ஒரு மேசை, ஒரு கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு, காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் ஒரு மின்விசிறி. பிறப்பு, விவாகம், மரணம், பொலிஸ் முறைப்பாடு எல்லாம் தமிழில் படியேறி வரும். ஆங்கிலமாகி இறங்கிப் போகும். கட்டாருக்குப் போகிறவனும் வழக்குக்காகக் கோட்டுக்குப் போகிறவனும் என் படியை மிதிக்காமல் போக முடியாது என்ற தலைக்கனம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. மூக்கு நுனியில் கோபமும் இருந்தது. கோபம் இன்னும் இருக்கிறது.

அந்தச் சொல் கொமோஷன். முதன்முதலில் அதைக் கேட்டது எட்டாம் வகுப்பில். இங்கிலீஷ் சேர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மழைக்கு வகுப்புக்குள் வந்த தவளை ஒன்றைப் பின்வாங்குக்காரன் ஒருவன் பிடித்து, முன்னால் இருந்தவனின் சேட்டுக்குள் போட்டான். வகுப்பே வாங்குகளில் ஏறி நின்றது. சேர் திரும்பி, பிரம்பால் மேசையில் ஓங்கி அடித்து, "வட் இஸ் திஸ் கொமோஷன்?" என்று கத்தினார். எங்களில் ஒருவனுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் அன்று முழுக்கக் குழாயடியில் ஒருவனையொருவன் இடித்துக்கொண்டு அதையே சொல்லித் திரிந்தோம். ஆகவே என் மனதில் அந்தச் சொல்லுக்கு ஒரு தவளையின் கனம்தான் இருந்தது.

அதன் பழைய கதையை நான் படித்தது சுனாமிக்குப் பிறகு. உதவி செய்ய வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இரண்டு வருஷத்தில் கந்தோரை மூடிக்கொண்டு போனபோது, மேசை கதிரைகளை ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் இரண்டு தடித்த ஆங்கில அகராதிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்று, ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் என்னவாக இருந்தது என்று சொல்லும் அகராதி. ஆள் வராத நேரங்களில் அதைப் படிப்பதுதான் என் பொழுதுபோக்கு. மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள்.

கொமோஷனின் வேர் லத்தீனில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அசைவது என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, கடல் கொந்தளிப்பதற்கும் அதுதான் சொல், மனம் கலங்குவதற்கும் அதுதான் சொல், குடிமக்கள் அரசனுக்கு எதிராகக் கிளம்புவதற்கும் அதுதான் சொல். இங்கிலாந்தில் குடியானவர்கள் வேலிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டு கிளம்பிய ஒரு கோடை இருந்ததாம். அந்தச் சனங்கள் பின்னாளில் அதைக் கொமோஷன் காலம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பிறகு நூற்றாண்டுகள் போகப்போகச் சொல்லின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கின்றன. அரசர்கள் பயந்த சொல், கடைசியில் கோழிக்கூட்டுக்குள் கீரி நுழைந்தால் எழும் சத்தத்துக்கும், பொடியன்கள் வாங்கில் ஏறி நிற்பதற்கும் ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்திலும் இது நடக்கிற காரியம்தான். குழப்பம் என்றால் ஊர் பற்றியெரிவது. அதன் பக்கத்து வீட்டுச் சொல்லான குழப்படி என்றால் பிள்ளை பாலைத் தட்டிக் கொட்டியது. அத்தனை வருஷம் யுத்தம் நடந்தும் நாங்கள் அதை யுத்தம் என்று சொல்லவில்லை. பிரச்சினை என்றோம். பிரச்சினைக்கு முந்திக் கட்டின வீடு, பிரச்சினைக்குள்ள பிறந்த புள்ள. யார் காதில் விழுந்தாலும் வம்பு வராத சொல்லாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டோம். இங்கிலீஷ் பத்திரிகைகளும் இதில் எங்களுக்குச் சளைத்தவை அல்ல. கடை எரிந்தால் பதற்றம், பள்ளிவாசலுக்குக் கல் விழுந்தால் சம்பவம். அவற்றை மொழிபெயர்த்து நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

சட்டத்தில் மட்டும் கொமோஷனுக்குப் பல் விழவில்லை. யுத்தம் முடிந்த பிறகு ஒரு சட்டம் வந்தது. காணாமற்போய் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு தகவலும் இல்லாத ஆளை, உரியவர்கள் கேட்டால், இறந்தவராகப் பதிவு செய்யலாம். ஆனால் காணாமற்போனதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பயங்கரவாதச் செயல், நாசகாரச் செயல், சிவில் கொமோஷன். நான் அந்தச் சட்டத்தை வாசித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், அட, இந்தச் சொல் இன்னும் வேலையில் இருக்கிறதா என்பதுதான். என் ராத்தாவின் நினைவு இரண்டாவதாகத்தான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ராத்தா மருதமுனையில் இருக்கிறாள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். அவள் புருஷன், என் மச்சான், அப்படிச் சம்மாந்துறையிலிருந்து வந்தவர். கதை குறைந்த மனிதர். வரிப்பத்தான்சேனைப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. பிரச்சினை கடுமையாக இருந்த ஒரு சிறுபோக நெற்பருவத்தில், வயலுக்குத் தண்ணீர் முறை வந்த நாளில், விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். தண்ணீர் தவறினால் பயிர் தவறிவிடும் என்றார். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு முன்னால் நிறுத்தித் தேநீர் குடித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அப்பால் கண்டவர் ஒருவருமில்லை. வயல் வாடிக்கு அவர் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, மோட்டார் சைக்கிளும் கிடைக்கவில்லை. யார் மறித்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. ராத்தாவின் மகளுக்கு அப்போது பல் முளைக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ராத்தா மனைவியாகவே இருந்தாள். இப்படிச் சொல்வது எங்கள் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்குமோ தெரியாது. புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளைச் சீலை, வாசனை கிடையாது, மருதோன்றி கிடையாது, அந்நிய ஆண்களின் முன்னால் வருவது கிடையாது. நாள் முடிந்தால் குளித்து வெளியே வந்துவிடுவாள். ராத்தா இத்தா இருக்கவில்லை. மௌத்து என்று யாரும் சொல்லாதபோது எந்த நாளிலிருந்து எண்ணுவது? சுனாமிக்குப் பிறகு, கடலோரத்தில் புருஷனை இழந்த பெண்கள் கூடாரங்களுக்குள் இத்தா இருந்தபோது அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "அவங்களுக்கு நாள் தெரியும் தம்பி" என்றாள். அவர்களைப் பார்த்து அவள் பொறாமைப்படுகிறாள் என்பது எனக்கு அப்போது விளங்கி, பயமாக இருந்தது.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததும்தான் காகிதத்தின் தேவை வந்தது. நிக்காஹில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளி வலி. அது வாப்பாவின், தகப்பனின் இடம். வாப்பா மௌத்து என்றால் வாப்பாவின் சகோதரன் அந்த இடத்தில் இருக்கலாம். வாப்பா காணாமற்போனவர் என்றால் காதிதான், எங்கள் விவாக நீதிபதிதான், வலியாக நிற்க வேண்டும் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். மச்சானின் தம்பி, பிள்ளையின் சாச்சா, சம்மாந்துறையில் டிரக்டர் வைத்திருப்பவர். இதைக் கேட்டதும் என் கந்தோர்ப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

"நான் ஹயாத்தோட, உசிரோட இரிக்கக்குள்ள எங்கட புள்ளைக்குக் காதியா வலி?" என்று வாங்கில் குந்தினார். "ஊரு என்ன கதைக்கும்? நீங்க சட்டம் தெரிஞ்ச ஆள். ஒரு மௌத்துப் பத்திரம் எடுக்க வழி இல்லியா?"

வழி இருந்தது. அதைக் காட்டும் ஆசையும் எனக்கு இருந்தது. அகராதி, சட்டம், விண்ணப்பம் எல்லாம் என் கைக்குள் இருக்கும்போது நான் சும்மா இருப்பேனா? மௌலவி ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். பத்திரத்தில் மச்சான் போன அந்த நாள்தான் மௌத்தான நாளாக விழும். அப்படியானால் இத்தா? மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு, நாலு மாதம் பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார் அவர். எனக்குப் பெரிய நிம்மதி. ராத்தாவிடம் இதை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவளுடைய வாக்குமூலத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழிலேயே கொடுத்திருக்கலாம். கோப்பு மேலே போகும்போது ஆங்கிலம் இருந்தால் சுணங்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு ஆங்கிலத்தில் எழுதத்தான் பிடிக்கும். மூன்று காரணங்களில் கொமோஷனை எடுத்தேன். மற்ற இரண்டும் யாரோ ஒருவனைக் கைகாட்டும். கொமோஷன் யாரையும் கைகாட்டாது. கடல்போல, காற்றுப்போலத் தானாக எழுந்து தானாக அடங்கும் ஒரு காரியம். இதைவிடத் தோதான சொல் கிடைக்காது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கில வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தால், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி போட வேண்டும். அந்த வரிக்குக் கீழே மொழிபெயர்ப்பாளனும் கையெழுத்து வைப்பான். ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறேன். அனேகமாக யாரும் விளக்கம் கேட்பதில்லை, எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார்கள். ராத்தா கேட்டாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, வாங்கில் இருந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டாள்.

"இதில மச்சான் காணாமப் போனதுக்குக் காரணம் எழுதணும் ராத்தா" என்றேன். "குழப்பத்தால எண்டு எழுதியிருக்கன்."

"என்ன குழப்பம்?"

"நாட்டுக் குழப்பம். அந்த நாளையில இரிந்ததுதானே."

"அண்டைக்கு ஒரு குழப்பமும் இரிக்கல்ல தம்பி. றோட்டுல ஒரு குஞ்சு குருமான் இல்ல. அவ்வளவு அமைதி. அவரு பைக்கை ஸ்டார்ட் பண்ணினது சந்தியால திரும்பினதுக்குப் பொறகும் எனக்குக் கேட்டிச்சு. அதை எழுது."

"அதையெல்லாம் எழுத ஏலா. மூணு காரணம் தந்திரிக்காங்க. அதில ஒண்டைத்தான் போடலாம்."

"மத்த ரெண்டும் என்ன?"

சொன்னேன்.

"அதைச் செஞ்சது ஆரு எண்டு எனக்குத் தெரியாதே" என்றாள்.

"அதுக்குத்தான் இதைப் போட்டிரிக்கன்."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச ஒண்டும் இதில இல்ல. தெரியாததுதான் இரிக்கி."

கீழே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க மச்சானுக்கு நடந்ததை எழுத வரல்ல ராத்தா" என்றேன். "புள்ளைக்கு நிக்காஹ் முடிக்க வந்திரிக்கீங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ராத்தா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். அவளுக்கு அழகான கையெழுத்து. அன்று அது கோட்டை விட்டு இறங்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே, வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்ற வரிக்கு நேரே, நான் என்னுடையதை வைத்தேன். அந்தச் சொல்லின் ஐந்நூறு வருஷக் கதையையும் அறிந்தவன் நான். அந்த ஒரு நாளை அறிந்தவள் அவள். அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட அந்தத் தாளில் ஏறவில்லை.

கிராம சேவகர் அறிக்கை கொடுத்தார். பெயரைப் பலகையில் ஒட்டி, ஆட்சேபனை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. உயிரோடிருந்தால் மச்சான் ஆட்சேபித்திருக்க வேண்டும் என்று சாச்சா சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்திரம் வர நான் நினைத்ததைவிட அதிக நாள் எடுத்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கையில் கிடைத்தது. வீட்டில் பந்தல் போடத் தடிகள் வந்து இறங்கியிருந்தன. முற்றத்தில் பெண்கள் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சாதித்துவிட்டவனின் முகத்தோடு ராத்தாவிடம் கொடுத்தேன். பத்திரம் தமிழில்தான் இருந்தது. அவளே வாசித்தாள். பெயர். வயது. இறந்த திகதி. இறந்த இடம், தெரியாது. காரணத்தையும் வாசித்தாள். திரும்ப மேலே போய்ப் பெயரிலிருந்து வாசித்தாள். பிறகு கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, "அலமாரியில இரிக்கிற வெள்ளைச் சீலையை எடுத்துத் தா புள்ள" என்றாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது வீடு அல்லோலகல்லோலப்பட்டது. ஒரே மகளின் கல்யாணம், பெண் வீடு, மாப்பிள்ளை கட்டாரில் லீவு எடுத்தாகிவிட்டது, பெண்ணின் உம்மா அறைக்குள் இத்தா இருக்கப்போகிறேன் என்கிறாள். சாச்சா என்னைப் பார்த்தார். நான் மௌலவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்து, பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். கணக்கு மௌத்தான நாளிலிருந்து. அது எப்போதோ கழிந்துவிட்டது. இனி உங்கள் மீது கடமை இல்லை.

"மௌலவி, அவரு மௌத்தான நாள் உங்களுக்குத் தெரியுமா?" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"பத்திரத்தில இரிக்கிதே தங்கச்சி."

"பத்திரத்துக்கு எழுதிக் குடுத்தது என்ட தம்பி. அவனுக்கும் தெரியா. எனக்கு மௌத்து எண்ட விசளம் வந்தது இண்டைக்கு."

மௌலவி தாடியைத் தடவினார். அல்லாஹ் நன்கறிந்தவன், கடமை இல்லாவிட்டாலும் பேணுதலுக்கு இருக்கிறதானால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன். தம்பி என்பதால் எனக்குத் தடையில்லை. "கல்யாணம் முடிஞ்சதும் இரிக்கலாமே ராத்தா" என்று கெஞ்சினேன். கோபப்படவில்லை, கெஞ்சினேன்.

"ஒன்பது நாளைக்கு மௌத்தைத் தள்ளி வைக்க ஏலுமா?" என்று கேட்டாள். "கல்யாணத்தை நிப்பாட்டாதீங்க. எல்லாம் நடக்கிற மாதிரி நடக்கட்டும்."

நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து குசுகுசுத்தார்கள்; சிலர் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் போனவனுக்கு இப்போது என்ன இத்தா என்று. மருதோன்றி போடும் நாளில், மகள் வேறு யாரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ராத்தாவுக்கோ விரலில் சிவப்புப் படக் கூடாது. கடைசியில் ஒரு சொப்பிங் பேக்கைக் கிழித்து விரல்களில் சுற்றி, நூலால் கட்டிக்கொண்டு, மகளின் உள்ளங்கையில் மருதோன்றி வைத்தாள். பொலித்தீன் வழுக்கி, கோலம் அங்குமிங்கும் இழுபட்டுப் போனது. அதை நேராக்கவா என்று கேட்ட பெண்ணை மகள் ஒரு பார்வை பார்த்தாள். நான் கதவடியில் நின்றேன். என் கையை நானே முறித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நிக்காஹ் வீட்டிலேயே நடந்தது. சாச்சா புதுச் சேட்டு போட்டு, பத்திரத்தின் கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வலியின் இடத்தில் இருந்தார். பதிவாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெண்ணின் பெயரைச் சொல்லி, மர்ஹூம் என்று தொடங்கி மச்சானின் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் என்றார். மௌத்தானவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற சொல் மர்ஹூம். மச்சானின் பெயருக்கு முன்னால் அதை யாரும் அதுவரை போட்டதில்லை. ஒலிபெருக்கி வேப்பமரத்தில் கட்டியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சாச்சா தன் வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. இந்த இடத்துக்காக அத்தனை ஆட்டம் ஆடிய மனிதர், தோள் குலுங்க அழுதார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடியே அழுதார். எல்லோரும் காத்திருந்தோம். உள் அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நிக்காஹ் முடிந்த நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளை ராத்தாவுக்கு மகன் முறை; இத்தாவிலும் அவள் முன்னால் வரலாம். அவன் போய்ச் சலாம் சொன்னான். வெள்ளைச் சீலையில், சுவரோரம் பாயில் இருந்த மாமியைக் கண்டு பாவம் அந்தப் பொடியன் தடுமாறிப் போனான். ராத்தா அவனைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, எத்தனை நாள் லீவு என்று கேட்டாள்.

அதன்பின் நாலு மாதமும் நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மருதமுனைக்குப் போனேன். பரிகாரம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் கந்தோரில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவள், "நீ எழுதின அந்த இங்கிலீசுச் சொல்லை ஒருக்காச் செல்லு" என்றாள். சொன்னேன். அதன் கதையையும் சொன்னேன். கடல், வேலி பிடுங்கிய குடியானவர்கள், பல் விழுந்தது, சட்டத்தில் விழாதது எல்லாம். நல்ல கதை கேட்பதுபோல் கேட்டாள்.

"சேந்து அசையிறது எண்டா கனபேர் வேணும்" என்றாள். "அவரு தனியத்தானே போனாரு."

பத்திரத்தைத் திருத்தி எழுதிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றேன். அப்படி ஒரு வழியும் கிடையாது. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். தேவையில்லை என்று தலையசைத்தாள்.

அந்த நாட்களில் அவள் அழுது நான் காணவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அழத்தான் இரிந்தன் தம்பி" என்றாள். "வருகுதில்ல. மௌத்தானவங்கட மையித்தக் கண்டவங்களுக்குத்தான் வரும் போல."

இத்தா முடிந்த நாளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைக் குளிக்க வைத்தார்கள். நான் போகும்போது நீலப் பூப்போட்ட சீலை கட்டி, ஈரத் தலையோடு விறாந்தையில் இருந்தாள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டது என்று என் மனம் கொஞ்சம் இறங்கியது. இனி நான் நாள்தோறும் வர வேண்டியதில்லை என்றுகூட நினைத்தேன்.

"ஒண்டு கேக்கணும் தம்பி" என்றாள். "மௌலவிட்டக் கேக்க வெக்கமா இரிக்கி."

"கேளுங்க ராத்தா."

"இத்தா முடிஞ்சிட்டு. இனி நான் அவருக்குப் பொஞ்சாதி இல்லத்தானே, என?"

நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"நாளைக்கு அவரு வந்து வாசல் கேற்றடியில நிண்டா, நான் தலையை மூடிட்டுத்தான் அவருக்கு முன்னால வரணுமா?"

மகளுக்குக் கேட்டிருக்க வேண்டும். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

"கேட்டுச் செல்றன்" என்றேன்.

பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் நானும் தவிர வேறொருவரும் இல்லாத, மூடத் தேவையில்லாத நேரத்திலும், வீட்டுக்குள் இப்போது அவள் தலையை மூடித்தான் இருக்கிறாள்.